பதியாத விரல்

"இன்னொரு தடவை வைங்கம்மா."

சலவையம்மா கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். மெஷினில் மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ரேகை விழலை. விழுந்தாதான் பென்ஷன்," என்றார் பென்ஷன் ஆபீஸ் கவுண்டர் குமாஸ்தா.

எப்படி விழும்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் பிளீச்சிங் பவுடரில் ஊறிய விரல்கள். கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தன. ஓய்வு பெற்ற அன்றைக்கே மருமகளிடம் வாயை விட்டிருந்தாள்: "இனிமே என் செலவுக்கு யார் கையையும் எதிர்பார்க்க மாட்டேன்!" இப்போது வீட்டுக்குப் போய் அதே மருமகளிடம் கையை விரித்துக் காட்டினாள்.

"கை வறண்டு கிடக்கு அத்தை. வாஸ்லின் தடவிட்டுப் போங்க," என்றாள் மருமகள்.

தாராளமாகவே தடவிக்கொண்டு போனாள். விரல் வழுக்கியதில் மெஷின் மேஜையை விட்டுப் பாய்ந்தது. குமாஸ்தா அதை மடியில் ஏந்திப் பிடித்தார்.

"என்னம்மா, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுட்டா வர்றீங்க?"

வீட்டில் கணவர் யோசனை சொன்னார். "பத்து நாள் கையில தண்ணியே படாம இரு. ரேகை தானா முளைக்கும். வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

பார்த்தார். முதல் நாள், சிவப்புத் துண்டோடு சேர்த்துத் துவைத்ததில் மகனின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் ஆயின. மூன்றாம் நாள் வாளியைத் தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தவரைப் பார்த்துக்கொள்ள மருமகள் லீவு போட்டாள், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அவள் சிரித்த முகத்தோடு ரோஸ் சட்டைகளை மடித்து வைத்தாள். அதுதான் சலவையம்மாவை இன்னும் பயமுறுத்தியது.

பதினோராம் நாள் கையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற கிழடுகள் எல்லாம் தத்தம் விரலை ஊதிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்தன. அவள் முறை வந்தது. பத்து விரலையும் வைத்தாள். பத்துக்கும் சிவப்பு.

"செருப்பைக் கழட்டட்டுமா சார்? காலிலயும் பத்து இருக்கு!"

கத்தத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது.

குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அடுத்த மாசம் வாங்கம்மா."

வாசல் படியில் உட்கார்ந்து, விரல்களையே வெறித்துப் பார்த்து அழுதாள். ஆபீஸ் பெருக்கும் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"உங்க விரலுக்கு ஒண்ணும் இல்லைக்கா. வேலை பார்க்கிறவங்களைவிட பென்ஷன் வாங்குறவங்க கூடிப்போயி நிதி காலியாம். பணம் வர்ற வரைக்கும் யார் விரலை வெச்சாலும் சிவப்பே எரியற மாதிரிதான் மெஷினை மாத்தி வெச்சிருக்காங்க."