லண்டன் வரிசையும் எங்கள் தெருக் குழாயும்

இங்கிலாந்து அரசாங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று கவனித்துக்கொள்ள எங்கள் செஞ்சியில் ஒருவர் இருந்தார். பெயர் இளையபெருமாள். ஒரு காலத்தில் ஊருக்குத் தலைவர். பிறகு அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் ஊர் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அன்றைக்கே, "இனிமே இந்த ஊரைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சபதம் செய்தார். ஆனால் பேசாமல் இருக்கவும் அவருக்கு வராது. ஆகவே இங்கிலாந்தை எடுத்துக்கொண்டார். அங்கே டெபாசிட் போகும் என்ற பயமில்லை.

அவருடைய மைத்துனர் மகன் லண்டனில் வேலையாக இருந்தான். படித்து முடித்த பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவான். கப்பல் நிதானமாக வரும். அதனால் அங்கே ஒரு மந்திரி ராஜினாமா செய்து, ஜனங்கள் அவரை மறந்தும் போன பிறகு, இங்கே இளையபெருமாள், "அந்த ஆளு ராஜினாமா பண்ணித்தான் ஆவணும்" என்று எச்சரிக்கை விடுப்பார். அடுத்த கட்டு வந்து பிரித்தால் மந்திரி ராஜினாமா செய்திருப்பார். "பாத்தியா?" என்பார். தெருவில் அவருக்கு மதிப்பு கூடும்.

சாயங்காலங்களில் ஜான் பாஷாவின் தையற்கடை பெஞ்சில் இந்தச் சபை கூடும். அறுபத்தைந்தாம் வருஷக் கோடையில் இளையபெருமாளுக்கு லண்டனைப் பற்றிக் கவலை அதிகமாக இருந்தது.

"விரல் விட்டு எண்ணற மாதிரி மெஜாரிட்டி. அதை வச்சிக்கினு ஒரு கவர்மெண்ட்டு நடத்தறான். ஒரு மெம்பருக்குச் சளி புடிச்சாப் போதும், கவுந்துடும். இதுக்கு நடுவுல பசங்க வேற பொம்பளைங்க மாதிரி முடி வளக்கறானுங்க."

"சட்டைக்குக் காலர் வைக்கறாங்களாண்ணே, எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் ஜான் பாஷா.

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

"அப்புறம் இன்னா பேப்பரு அது."

தையற்கடைக்கு எதிரே தெருக்குழாய். குழாயை ஒட்டித் தண்ணீர் ஆபீஸ். இந்தக் குழாய்க்கும் ஆபீசுக்கும் இடையே வெகு காலமாக ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் ஆபீசர் வந்து உட்காரும் நேரத்துக்குக் குழாயடியில் சண்டை தொடங்கும். குடங்கள் மோதும். குஞ்சம்மாள் ஆரம்பிப்பாள், ஜான் பாஷாவின் மனைவி மெஹபூப் பீ உச்சத்துக்குக் கொண்டுபோவாள். மற்ற நேரத்தில் இருவரும் ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். சத்தம் ஜன்னல் வழியாக ஆபீசர் காதில் விழும். பொறுக்கமாட்டாமல் ஃபிட்டர் பாவாடையைக் கூப்பிட்டு, "வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுய்யா" என்பார். தண்ணீர் வரும். சண்டை நிற்கும். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. அதனாலேயே ஒரு நாளும் தவறாமல் நடந்துவந்தது.

இதில்தான் லண்டன் தலையிட்டது.

"அங்க பஸ்ஸுக்கு ரெண்டே ரெண்டு பேரு நின்னாக்கூட ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்தான் நிப்பான்" என்றார் இளையபெருமாள். "பால்காரன் முன்னாடி வந்துட்டான்னா மந்திரி அவனுக்குப் பின்னாடிதான். நம்ம குழாயடியைப் பாரு. வெள்ளைக்காரன் போயி இத்தினி வருஷம் ஆவுது, இன்னும் குடத்தாலதான் பேசிக்கறோம்."

சாதாரணமாக இதை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் மெஹபூப் பீ போட்டுக்கொண்டாள். மகள் சாஜிதாவுக்கு அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் அனந்தபுரம். சம்பந்தியம்மாள் கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக முன்கூட்டியே வந்து தங்கியிருந்தார். பெண்ணின் தாய் குழாயடியில் பேசுவது அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்?

மறுநாளே ஜான் பாஷா துணிக்குக் குறிபோடும் சாக்கட்டியால் தெருவில் நீளமாக ஒரு கோடு போட்டார். கோட்டின்மேல் வரிசை நின்றது.

"நீ முன்னாடி போயேன் குஞ்சம்மா."

"ஐயோ, நீங்க போங்கக்கா."

இரண்டே நாளில் இது நாகரிகமாகிவிட்டது. தண்ணீர் தேவைப்படாதவர்கள்கூட நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வல்லத்திலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆபீசருக்கு மட்டும் காது ஒரு மாதிரியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். அமைதி. தண்ணீர் இல்லாதவர்கள் சண்டை போடுவார்கள்; இவர்கள் சண்டை போடவில்லை; ஆகவே இவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். பாவாடையைக் கூப்பிட்டு வால்வைக் கொஞ்சம் மூடச் சொன்னார். மறுநாளும் அமைதி. இன்னும் கொஞ்சம் மூடச் சொன்னார். குழாய் சொட்டத் தொடங்கியது. தண்ணீர் குறையக் குறைய வரிசை நீண்டது. நீள நீளப் பார்ப்பதற்கு இன்னும் அழகாக இருந்தது.

நிக்காஹ் நெருங்கியது. அண்டா அண்டாவாகத் தண்ணீர் வேண்டிய வீட்டில் அரைக் குடம் இருந்தது. மெஹபூப் பீ குஞ்சம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, தண்ணி வரலைங்க."

"வராமலா இத்தனை பேர் நிற்கிறீர்கள்?" என்றார் ஆபீசர்.

"வரலைன்னுதாங்க நிக்கறோம்."

"வராத குழாய்க்கு முன்னால் யாராவது இவ்வளவு அமைதியாக நிற்பார்களா? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்."

"வெள்ளிக்கிழம நிக்காஹுங்க. அனந்தபுரத்துலேருந்து வண்டி கட்டிக்கினு வராங்க. கை கழுவக்கூட இல்லன்னா என் மானம் போயிடுங்க."

"உங்களுக்கு இப்போது கோபம் வருகிறதா?"

மெஹபூப் பீ சம்பந்தியை நினைத்துக்கொண்டாள். "இல்லீங்க" என்றாள்.

"பார்த்தீர்களா? நேற்று மேலிடத்து இன்ஜினீயர் வந்திருந்தார். உங்கள் வரிசையைப் பார்த்து மெய்மறந்து நின்றார். 'தண்ணீர் விநியோகம் திருப்திகரம், பொதுமக்களின் ஒத்துழைப்பு போற்றத்தக்கது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இனி நானே நினைத்தாலும் இதைக் கெடுக்க முடியாது."

வெளியே வந்ததும் குஞ்சம்மாள், "யக்கா, பழையபடி ஆரம்பிச்சுடலாமா? நான் ரெடி" என்றாள்.

"வேணாம்மா. சம்பந்தியம்மா எங்க வூட்டு ஜன்னல்லயே நிக்குது."

எதிராளி இல்லாமல் குஞ்சம்மாளால் என்ன செய்ய முடியும்? இருவரும் இளையபெருமாளிடம் போனார்கள்.

"லண்டன்ல இந்த மாதிரி ஆனா பேப்பருக்குக் கடுதாசி எழுதுவாங்க" என்றார் அவர்.

"அது எத்தினி நாளு ஆவும்?"

"கப்பல் போயிட்டு வர்ற நேரந்தான்."

பேசிக்கொண்டே அவர் கையலம்ப உள்ளே போனார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவர் பதவியில் இருந்தபோது, ஊருக்கு வந்த குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பரிசோதிப்பதற்காக முதல் இணைப்பைத் தம் வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டார். வால்வுக்கு முன்னாலேயே பிரிகிற குழாய். பரிசோதனை இன்னும் முடியவில்லை. குஞ்சம்மாள் அந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டாள்.

மறுநாள் காலை சாக்கட்டிக் கோடு தெருமுனையில் திரும்பி, இளையபெருமாள் வீட்டு வாசற்படி ஏறி, மூடிய கதவில் போய் முட்டியிருந்தது. அவர் மனைவி கமலாம்பாள் கதவைத் திறந்து திகைத்தாள்.

"இன்னாடி இது?"

"வரிசைக்கா" என்றாள் குஞ்சம்மாள். "அங்க தண்ணி இல்ல. தண்ணி இருக்கற எடத்துக்கு வரிசை வந்துடுச்சி."

இத்தனை வருஷமாக இங்கிலாந்து விவகாரத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த கமலாம்பாள், மற்றொரு கதவையும் திறந்துவிட்டாள். கோடு கூடத்தைக் கடந்து, கொல்லைக் குழாயில் போய் முடிந்தது.

இளையபெருமாள் முகத்தில் பாதிச் சோப்புடன் கொல்லைக்கு வந்தார்.

"தலைவரே, பின்னாடி வாங்க" என்றாள் குஞ்சம்மாள்.

"இது என் வூடும்மா."

"மந்திரியே பால்காரனுக்குப் பின்னாடி நிக்கறாருன்னு நீங்கதான சொன்னீங்க? நம்ம பால்காரரும் நிக்கறாரு, பாருங்க."

பால்காரர் தலையசைத்தார். இளையபெருமாள் நடந்துபோய்த் தெருவில் வரிசையின் கடைசியில் நின்றார். முகத்தில் சோப்பு காய்ந்தது. வெயில் ஏறியது. யாரும் முந்தவில்லை; எல்லாரும், "நீங்க முதல்ல" "இல்ல, நீங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்ததால் வரிசை நகரவும் இல்லை. திடீரென்று இளையபெருமாள் வாயைத் திறந்தார். ராஜகிரி மலையிலிருந்த குரங்குகள் திரும்பிப் பார்த்திருக்கும். அந்தச் சத்தத்தில் இங்கிலாந்து துளிக்கூட இல்லை. செய்த சபதம் போய், ஊரைப் பற்றி மட்டுமே பேசினார். குழாய், வால்வு, ஆபீசர், ஆபீசரின் முன்னோர் என்று வரிசை தவறாமல் பேசினார்.

ஆபீசருக்கு ஒரு வாரமாகக் கேட்காமலிருந்த சத்தம். "யாருய்யா அது?"

"முன்னாள் தலைவருங்க" என்றான் பாவாடை.

"அவருக்கே தண்ணீர் இல்லையா? வால்வை முழுசாகத் திற."

தெருக்குழாய் இருமி, சிவப்பாக நாலு வாய் துப்பி, பிறகு கொட்டியது. அவ்வளவுதான். வரிசை இருந்த இடம் தெரியவில்லை. சாக்கட்டிக் கோட்டை மிதித்து அழித்துக்கொண்டு தெருவே ஓடியது. முதல் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தவர் அனந்தபுரத்துச் சம்பந்தியம்மாள். வழியில் இரண்டு பேரை இடித்துத் தள்ளி, குஞ்சம்மாளை ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டிருந்தார். மெஹபூப் பீயின் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். வெள்ளிக்கிழமை நிக்காஹில் விருந்தாளிகள் ஆளுக்கு இரண்டு தடவை கை கழுவினார்கள்.

தண்ணீர் தாராளமாக வந்ததால் அடுத்த வாரம் யாருக்கும் சண்டை வரவில்லை. அமைதியைக் கவனித்த ஆபீசர் வால்வை மூடச் சொன்னார்.

உடனே தையற்கடை பெஞ்சில் அவசரக் கூட்டம். வீட்டுக்கு ஒரு நாள் சண்டை என்று முறை வைத்தார்கள்.

"பார்லிமெண்ட்டே இதான்" என்றார் இளையபெருமாள். "எதிர்க்கட்சிக்காரன் தெனம் எழுந்து நின்னு கத்தணும். அப்பதான் கவர்மெண்ட்டு வால்வைத் திறக்கும். நான் இதைத்தான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கினு வரேன்." ஞாயிற்றுக்கிழமையைத் தாமே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஆபீஸ் விடுமுறை.

எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் போகவேண்டியதாயிற்று. தெருவே குடங்களுடன் எனக்காகக் காத்திருந்தது. மிகவும் முயன்று பார்த்தேன். ஓர் இருமல்தான் வந்தது.

ஆபீசர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். பாவாடை வால்வருகே தயாராக உட்கார்ந்திருந்தான்.

"இது போதாதும்மா" என்றார் ஆபீசர் பரிவோடு. "ஃபைலில் எழுதுகிற அளவுக்காவது ஏதாவது திட்டுங்கள். சும்மா திறந்துவிட எனக்கு அதிகாரம் கிடையாது."