சம்மந்தி வீட்டுக்கு சால்மன்

சட்டியில் போட்ட சால்மன் துண்டு மொறுமொறுப்பாகாமல் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ராஜவேல் கரண்டியால் நெம்பினார். மீன் மட்டும் வந்தது. மேல்மாவு சட்டியிலேயே தங்கிவிட்டது.

"எண்ணெய் காயறதுக்குள்ள யாரு போடச் சொன்னது?" என்றாள் மனைவி சரிதா. வலது கையில் மாவுக்கட்டோடு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் மாடிப்படியில் வழுக்கியதிலிருந்து அந்த வீட்டில் அவள் வாய் மட்டும்தான் சமைத்தது.

ராஜவேல் டவுன் பஸ் டிரைவர். தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போய்ப் பழகியவர். ஆனால் இன்று மதியம் செம்மலின் அப்பா அம்மா சாரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மகள் கவிநிலாவும் செம்மலும் விரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. செம்மலின் அம்மா செல்வாம்பாள் மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. எந்த விருந்திலும் ஒரு வாய்க்கு மேல் தொடமாட்டார் என்று கேள்வி.

"வஞ்சிரம் எல்லாரும்தான் போடுவாங்க. நாம புதுசா பண்ணுவோம்" என்று ஃபோனில் வீடியோ பார்த்து முடிவெடுத்தவர் ராஜவேல்தான்.

"தீயைக் கூட்டுங்க!"

கூட்டினார். அடுத்த ஈடு வெளியே கருகி, உள்ளே பச்சையாக வந்தது. மூன்றாவது ஈடுதான் ஒருவழியாகப் பொன்னிறமாகத் தேறியது.

அந்தத் தைரியத்தில் மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸில் இறங்கினார். சூடான வாணலியில் மயோனைஸைக் கொட்டினார். அது திரிந்த பால் மாதிரி ஆனது. திரிந்தது தெரியாமலிருக்க மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார்.

"எந்த டப்பாவுல எடுத்தீங்க?"

"செவப்பு மூடி."

"ஐயையோ! நெறத்துக்குப் போடறது பச்ச மூடிங்க. செவப்பு மூடி காரத்துக்கு, குண்டு மொளகா!"

காரத்தைக் குறைக்க இருந்த தேனையெல்லாம் கவிழ்த்தார். அது அடிபிடித்துப் புகைந்தது. ராஜவேல் தும்மினார். சரிதா தும்மினாள். பக்கத்து வீட்டு அமுதவல்லி ஜன்னல் வழியாக, "யாருக்குக்கா திருஷ்டி சுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தும்மினாள்.

நெடியைத் துரத்த ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். தட்டிலிருந்த அரிசிமாவு பறந்து அவர் மீசையில் இறங்கியது.

காலிங்பெல் அடித்தது.

வேறு வழியில்லாமல் கவிநிலா அதையே தட்டில் வைத்து நீட்டினாள். செல்வாம்பாள் ஒரு துண்டைச் சாஸில் தோய்த்து வாயில் போட்டார். மெல்வது நின்றது. மூக்கு சிவந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"உறைக்குதுங்க..." என்றார் கணவரைப் பார்த்து.

கவிநிலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ராஜவேல் தண்ணீர்ச் சொம்போடு ஓடினார்.

"வச்சிடுங்கம்மா! நான்தான் செஞ்சேன். எம் பொண்ணுக்கும் இந்த மீனுக்கும் சம்மந்தமே இல்ல. அவ மேல கோச்சுக்காதீங்க."

செல்வாம்பாள் சொம்பை விலக்கினார். இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவது. அழுதுகொண்டே சாஸ் கிண்ணத்தை விரலால் வழித்தார்.

"சீக்கிரமா ஒரு நல்ல நாளு பாத்துடலாம்," என்றார் விக்கலுக்கு நடுவே. "இன்னும் ரெண்டு துண்டு இருக்குமா?"

ராஜவேல் திருதிருவென்று விழித்தார். செம்மலின் அப்பா ஜானகிராமன் தோள் துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"கொரோனாவுல போன ருசிங்க, இத்தினி வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அவ நாக்குக்குத் திரும்பி வந்திருக்கு."