இரண்டு ஹாரனுக்கு எழுந்த பள்ளிக்கூடம்

என்னைப் போலக் கூச்சம் பிடித்தவன் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் செய்யலாம், பள்ளிக்கூடம் மட்டும் நடத்தக்கூடாது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தும் "நிறுத்துங்க" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன் நான். (அதனால்தான் நீங்க ஜீப் ஓட்டவே கத்துக்கிட்டீக என்பாள் என் மனைவி. நம்ம வண்டின்னா நம்ம இஷ்டத்துக்கு நிறுத்திக்கலாம்ல!)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அப்படிப்பட்டவன் பெயரை ஒரு பள்ளிக்கூட போர்டில் எழுதி, அதற்குக் கீழே 'தாளாளர்' என்றும் போட்டார்கள். தாளாளர் என்றால் என்ன வேலை என்று என் மனைவி செல்வியிடம் கேட்டேன். "பேசாம இருக்கணும், அம்புட்டுதான்" என்றாள். எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருசம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் கம்பத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. நான் தோட்ட ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, கேரளா பக்கம் ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். பொழுது சாய்கிற நேரம் போய்க் கூட்டிவர வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஜீப்பும் நானும் வேப்பமரத்தடியில் தூங்குவோம். செல்வி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி முடித்தவள். திராட்சைப் பெட்டி அடிக்கிற செட் ஒன்று காலியாகக் கிடந்ததை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, சுவரில் யானை, குருவியெல்லாம் வரைந்து பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டாள்.

செல்வியின் திட்டம் ரொம்ப எளிமை. பிள்ளைகள் மண்ணில் விளையாடும், பாட்டுப் பாடும், கதை கேட்கும், மத்தியானம் தூங்கும். பெற்றோர் திட்டம் வேறு.

"வெளாடுறதுக்கு வீட்டுலயே வெளாடுறான்ல? அதுக்கு எதுக்கு டீச்சர் இங்கன அனுப்பணும்?" என்றார் ஒருத்தர். இன்னொரு அம்மா, "பெரிய ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு டை கட்டி விடுறாக. எங்க பிள்ளைக்குக் கழுத்து இல்லையா?" என்று கேட்டது. செல்வி டை வாங்கினாள். அடுத்த வாரம் ஷூ. அதற்கடுத்து வீட்டுப்பாடம். கடைசியாக ஏலக்காய்க் கடை ராவுத்தர் வந்தார். அவருடைய பேத்தி நஸ்ரின் எங்களிடம்தான் படித்தாள். ராவுத்தர் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அந்தத் தெருவே பின்னால் வரும். அவர் நிறுத்தினாலும் அப்படித்தான்.

"எல்லாம் இருக்கு, வேன் எங்கம்மா? வேன் இல்லாத ஸ்கூலு என்னா ஸ்கூலு?" என்றார்.

செல்வி என் ஜீப்பைப் பார்த்தாள். ஜீப் என்னைப் பார்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டோம்.

மறுநாள் விடியலில் தோட்டத்துக்குப் போக வந்த பெண்கள் மஞ்சள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார்கள். "அண்ணே, எங்களுக்கு டை எங்க?" "ஏலே, பின்னாடி ஒக்காந்தவ எல்லாம் எல்கேஜி. முன்னாடி நாங்க யூகேஜி, தள்ளு!" மலை உச்சி வரைக்கும் இதே பேச்சுதான். நான் ஒன்றும் பேசவில்லை. தாளாளர் பேசக்கூடாதல்லவா!

இப்போது ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். தோட்ட ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் ஒன்று சொல்லும், வாடகை ஒன்று சொல்லும். நாங்கள் வாடகை சொல்வதைக் கேட்டு ஏற்றுவோம். வழியில் போலீஸ் நின்றால் எதிரே வருகிற ஜீப்காரர் லைட்டை அணைத்துப் போடுவார். உடனே நான் "குனி!" என்பேன். பின்னால் இருக்கிற அத்தனை பெண்களும் தூக்குச்சட்டியோடு மடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நானும் ஸ்டெப்னியும் மட்டும் மலைக்குப் போகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் இரண்டு ஹாரன் அடிப்பேன். எல்லாரும் எழுந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் வாடகைக் கணக்கில்தான் அடுக்கினேன். வேன் வந்ததும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஜீப் கூடவில்லை. ஒரு நாள் காலையில் வாய்க்கால் பாலத்தில் போலீஸ் நின்றது. என் வாய் என்னைக் கேட்காமலே "குனி!" என்றது.

பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு அதுதான் (மற்ற நேரமெல்லாம் வீட்டுப்பாடமாக ஆகிவிட்டிருந்தது). மூச்சுகூட விடாமல் கிடப்பார்கள். இரண்டு ஹாரன் கேட்டால்தான் தலை தூக்குவார்கள். கொஞ்ச நாளில் நான் சொல்லவே வேண்டியதில்லை. "மாமா, காக்கி!" என்று அவர்களே கண்டுபிடித்துக் குனிந்துவிடுவார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நானும் நாலு பிள்ளைகளுக்கு ஏதோ கற்றுக்கொடுக்கிறேனே!

ஒரு நாள் செல்வி சொன்னாள், "ஏங்க, இன்னைக்குத் தபால்காரர் வந்தாரு. பிள்ளைக பூராவும் பெஞ்சுக்கு அடியில போயிருச்சுக. எவ்வளவு கூப்பிட்டும் வரலை. ஏன்னு தெரியுமா?"

"தபால்காரர் புதுசா இருப்பாரு" என்றேன்.

"பதினஞ்சு வருசமா அவருதான் வாராரு."

நான் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

மார்ச் மாதம் ஆண்டு விழா வைக்கவேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய ஸ்கூல்காரர்கள் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஊருக்கே பஸ் விடப்போவதாகப் பேச்சு. "ஆண்டு விழாவைப் பாத்துட்டு முடிவு சொல்றோம்" என்று ராவுத்தர் செல்வியிடமே சொல்லிவிட்டார். விழா சொதப்பினால் ஜூன் மாதம் செட்டில் மறுபடியும் திராட்சைப் பெட்டி அடிக்க வேண்டியதுதான். செல்விக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தையல்காரர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நம்ம பள்ளத்தாக்கில் விளைகிற பழங்களாகப் பிள்ளைகள் வேசம் போட்டுப் பாடவேண்டும் என்று அவளே பாட்டும் எழுதியிருந்தாள்.

"சீப் கெஸ்ட் யாரும்மா?" என்று கேட்டார் ராவுத்தர். செல்வி விழித்தாள். "கவலைய விடு. நம்ம போலீஸ் இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவரு. சொல்லி வச்சுட்டேன், வாரேன்னுட்டாக."

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் மெதுவாகக் கேட்டேன். "இன்ஸ்பெக்டர வேட்டி சட்டையில வரச் சொன்னா என்ன? நம்ம ஊரு வெயிலுக்கு நல்லா இருக்கும்ல."

"யூனிபாரத்துல வந்தாத்தாங்க மரியாதை. அதுக்குத்தான கூப்பிடுறதே" என்றாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். (சொல்கிற ஆளாக இருந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேனா?) அதற்குப் பதிலாக, ஜீப்பில் பிள்ளைகளிடம், "இனிமே காக்கியப் பாத்தா குனிய வேணாம், சரியா?" என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வாழைப்பழ வேசத்துக்குத் தேர்வாகியிருந்த முத்து மட்டும், "மாமா ஏமாத்துறாரு. யாரும் ஏமாறாதீக" என்றான்.

விழா ஞாயிற்றுக்கிழமை. செட்டுக்கு முன்னால் பந்தல், மேடை, மைக் செட். தோட்டத்துப் பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். ராவுத்தர் முன் வரிசையில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் எனக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டேன்.

மேடையில் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். நஸ்ரின் திராட்சைக் கொத்து. உடம்பு முழுக்க ஊதா பலூன். முத்து தலை முதல் முட்டி வரைக்கும் மஞ்சள் அட்டைக்குள் இருந்தான். தென்னை, மாங்காய், கொய்யா எல்லாம் வரிசையாக நின்று பாட்டைத் தொடங்கி இரண்டு வரிகூடப் பாடியிருக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். ராவுத்தர் ஓடிப்போய் மாலை போட்டு, கையைப் பிடித்து நேராக மேடையில் ஏற்றினார். மடிப்புக் கலையாத காக்கி. தொப்பி. மீசை.

பாட்டு பட்டென்று நின்றது. தோட்டமே அடியோடு சாய்ந்தது. தென்னை குனிந்தது, மாங்காய் மடங்கியது, கொய்யா குப்புறப் படுத்தது. திராட்சையில் நாலு பலூன் வெடித்தது, அப்போதும் அது அசையவில்லை. வாழைப்பழத்தால் மட்டும் அட்டையை மடக்க முடியவில்லை. குனியப் பார்த்து, முடியாமல், நின்ற நிலையிலேயே மெதுவாகச் சாய்ந்து தொப்பென்று விழுந்தது.

செல்வி, "சில்ட்ரன், ஸ்டாண்ட் அப்!" என்றாள். ஒரு தலைகூடத் தூக்கவில்லை. தமிழிலும் சொன்னாள். கெஞ்சினாள். ஒரு தாய் எழுந்து, "ஆத்தாடி! பிள்ளைகளுக்கு மத்தியானம் என்னத்தக் குடுத்தீக?" என்று அலறியது. பின்னாலேயே இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கவே ஓடினார். தோட்டத்துப் பெண்களுக்கு மட்டும் விசயம் விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு, நஸ்ரினிடம், "என்னாச்சும்மா?" என்று கேட்டார். பாட்டுக்காகத் தாழ்வாக வைத்திருந்த மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. அவள் ரகசியமாகச் சொன்னது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது.

"பேசாதீக. போலீசு போகட்டும். அப்பறம் மாமா ரெண்டு ஹாரன் அடிப்பாரு."

பந்தலில் இருந்த அத்தனை தலையும் ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் திரும்பியது. செல்வியும் திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தபால்காரர் விசயம் அவளுக்கு அந்த நிமிசம் புரிந்திருக்க வேண்டும்.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். ஹாரன் அடித்தால் இன்ஸ்பெக்டர் முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் செல்வி அங்கே தனியாக நின்றாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். பந்தலைத் தாண்டி ஜீப் நின்ற இடத்துக்கு நடந்தேன். கல்யாணத்தில்கூட அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. கையை உள்ளே விட்டு அடித்தேன்.

பாம்! பாம்!

வாழைப்பழத்தைத் தவிர அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, விட்ட வரியிலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பந்தலில் இருந்த தோட்டத்துப் பெண்களும், பழக்க தோசத்தில், பத்துப் பேருக்குக் குறையாமல் எழுந்து நின்றுவிட்டார்கள்!

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்த வாழைப்பழத்தைத் தூக்கி நிறுத்தினார். எழுந்து நிற்கிற பெண்களைப் பார்த்தார். மஞ்சள் ஜீப்பைப் பார்த்தார். "அந்த ஜீப்புல எத்தனை பிள்ளைகடா வருவீக?" என்று முத்துவைக் கேட்டார்.

"எல்லாரும்!" என்றான் முத்து.

பாட்டு முடிந்து அவர் மைக்கைப் பிடித்தார். கோபமா சிரிப்பா என்று மீசை காட்டிக்கொடுக்கவில்லை. "இந்த ஜீப்ப மலைப்பாதையில நெறைய நாள் பாத்திருக்கேன். பாவம், ஆளே ஏறாத வண்டிய வச்சுக்கிட்டு இந்த மனுசன் எப்படித்தான் பொழைக்கிறாரோன்னு வருத்தப்பட்டிருக்கேன்" என்றார். பந்தல் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் அவர் குரல் மாறியது. "நாளையிலருந்து, குனியாம எத்தனை பிள்ளைக ஒக்கார முடியுமோ அத்தனைதான். மிச்சப் பிள்ளைகளுக்கு இன்னொரு நடை போங்க. தோட்டத்துக்கும் அதேதான். நான் பாலத்துல நிப்பேன்."

தலையை ஆட்டினேன்.

பெற்றோர் சும்மா விடுவார்களா? செல்வியைச் சூழ்ந்துகொண்டார்கள். "பிள்ளைகள என்ன மூட்டையாட்டமா அடுக்குறது?" என்று கேட்டார்கள். நியாயம்தான். அந்த நேரத்தில் ராவுத்தர் எழுந்தார். இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தது அவர், அவருடைய மானமும் இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அட, அது தப்புதான். அவரு திருத்திக்கிருவாரு. நீங்க ஒண்ணப் பாத்தீகளா? நாப்பது பிள்ளைக! நம்ம சொன்னா ஒண்ணாச்சும் கேக்குதா? ஒரே சத்தத்துக்கு எந்திரிக்குதுக. பெரிய ஸ்கூல்ல இருக்கா இந்த டிசிப்ளின்? எம் பேத்தி இங்கனதான் படிக்கும்."

கூட்டம் யோசித்தது. டை, ஷூ, வீட்டுப்பாடம், வேன் என்று வருசம் பூராவும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் கடைசியில் இதற்காகத்தானே! ஒரு அம்மா செல்வியின் கையைப் பிடித்து, "டீச்சர், அந்த ஹாரன் பழக்கத்த வீட்டுக்கும் சொல்லிக் குடுங்க. சாப்பிடக் கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறான்" என்றது.

அன்றைக்குச் செல்வி என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன, ரெண்டு ஹாரன் அடிச்சாத்தான் சாப்பிடுவீகளோ?" என்றாள். அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

ஜூன் மாதம் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய ஸ்கூல் பஸ்ஸும் வந்தது, ஒன்றிரண்டு பேர் அதிலும் போனார்கள். நான் ஒரு நடைக்குப் பதிலாக மூன்று நடை ஓட்டினேன். குனிகிற விளையாட்டை இழந்த பிள்ளைகள் அழுததால், செல்வி தினமும் கொஞ்ச நேரம் மண் விளையாட்டையும் கதையையும் திரும்பக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை பெற்றோர் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் ஜீப்பை விற்றபோது ஹாரனை மட்டும் கழற்றிப் பள்ளிக்கூட வாசலில் மாட்டினாள். இன்றைக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி கிடையாது.

இப்போது நஸ்ரினின் மகன் எங்களிடம் எல்கேஜி படிக்கிறான். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் செல்வி மைக்கில், "தாளாளர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். பிறகு முன் வரிசையிலிருந்து நஸ்ரின் வாயாலேயே "பாம், பாம்!" என்று தொடங்குவாள். பந்தல் மொத்தமும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் என்ன செய்வது? எழுந்துதான் ஆகவேண்டும்.