இன்னொரு அர்த்தம் டெய்லர்

திருத்தணியில் ஆங்கிலத்தைக் கண்டு பயப்படாத ஒரே மனிதர் 'இன்னொரு அர்த்தம்' டெய்லர்தான். உண்மையில் ஆங்கிலம்தான் அவரைக் கண்டு பயந்திருக்க வேண்டும். ஸ்டேஷன் ரோட்டில் தையல் மிஷின் போட்டிருந்தார். கையில் துணி, மடியில் அட்டை போன டிக்‌ஷனரி. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்ப்பார். அதனால் ஊரில் பாதிப் பேருக்குச் சட்டையில் ஒரு கை நீளம்.

பெரிய பெரிய வார்த்தைகளை அவர் மதிப்பதில்லை. 'ரன்', 'டேக்', 'கெட்' மாதிரி சில்லறை வார்த்தைகள்தான் அவருக்கு உயிர். "ரன்னுன்னா ஓடறதுன்னு சொல்லிக்குடுத்தாங்களா? மூக்கு ஒழுகினாலும் ரன்னு, கடை நடத்தினாலும் ரன்னு. இன்னொரு அர்த்தம் கீது, கேளு" என்று பிடித்துக்கொள்வார். சிவப்புத் துணி எடுத்து வந்த ஒருவரிடம், இது நன்றாக 'ரன்' ஆகும் என்றார். வந்தவர் பாராட்டு என்று நினைத்து, தைத்ததைப் போட்டுக்கொண்டு மழையில் மலையேறினார். இறங்கும்போது வேட்டியும் சிவப்பு. சாயம் போவதும் 'ரன்'தானாம்.

யுத்த காலம். தந்தி என்றாலே கெட்ட செய்திதான். ஒரு சாயங்காலம் கனகம்மாசத்திரத்து வயதான விவசாயி ஒருவர் தந்தியும் கையுமாக ஓடி வந்தார். மறுநாள் காலை மலைமேல் அவர் மகளுக்குக் கல்யாணம். பட்டணத்திலிருந்து பகல் வண்டியில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. தந்திதான் வந்தது. தபாலாபீஸில் வாசித்துக் காட்டினார்களாம். அர்த்தம் சொல்வது தங்கள் வேலையில்லையாம். மொத்தம் மூன்றே வார்த்தை: 'ப்ரோக் ஜர்னி அரக்கோணம்.'

சட்டைக்காகக் காத்திருந்த நான், ஸ்கூல் பைனல் முடித்த பெருமையில் முந்திக்கொண்டேன். "பயணம் முறிஞ்சது, அரக்கோணம்" என்றேன்.

பெரியவர் அப்படியே மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தம் முறிஞ்சி போச்சா தம்பி? எம்பொண்ணு பூ வச்சிகினு ஒக்காந்துகினு கீதே."

பாலம் முறிந்ததா, வண்டி அச்சு முறிந்ததா, யாருக்காவது கால் முறிந்ததா? என் தலைக்குள் என்னென்னவோ முறிந்துகொண்டிருந்தன. போய்ப் பார்க்கலாமென்றால் இனி வண்டி காலையில்தான். டெய்லரைப் பார்த்தேன். பதினேழு அர்த்தம் சொல்லி இந்த மனிதரைக் கொன்றுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மிஷினை நிறுத்தினார். தந்தியை இரண்டு தரம் படித்தார்.

"நைனா, இதுக்கு ஒரே அர்த்தம்தாங்க. வழியில எறங்கித் தங்கிகினாங்க. காலைல மொத வண்டியில வந்துடுவாங்க. நீங்க போய்ப் பந்தல் வேலையப் பாருங்க."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் பாராட்ட வாயெடுத்தேன். டெய்லர் டிக்‌ஷனரியைத் திறந்து காட்டினார். முதல் பக்கமே 'சி'. 'ஏ'யும், 'ப்ரோக்' இருக்கவேண்டிய 'பி'யும் வாங்கும்போதே கிழிந்து போயிருந்தனவாம்.

"அப்புறம் எப்படிங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க?"

"அந்த மூஞ்சியப் பார்த்துகினு வேற இன்னா சொல்றது?"

வேறு அகராதியில் பார்க்கலாமென்றால், பள்ளிக்கூட அகராதி ஹெட்மாஸ்டர் பீரோவுக்குள் இருந்தது. கோடை விடுமுறை, ஹெட்மாஸ்டர் ஊரிலேயே இல்லை.

விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் டெய்லர் நின்றிருந்தார். ஊருக்கே பித்தான் தைக்கிறவர், தன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். வண்டி வந்தது. முதல் பெட்டியில் மொட்டையடிக்க வந்த கூட்டம். அடுத்ததில் வாழைத்தார்கள். டெய்லர் என் கையைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. கடைசிப் பெட்டியிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் வயிற்றைப் பிடித்தபடி அவருடைய சித்தப்பா. சித்தப்பாவின் வயிறு அரக்கோணத்துக்கு மேல் பயணத்துக்குச் சம்மதிக்கவில்லையாம்.

டெய்லர் பெஞ்சில் உட்கார்ந்தார். "வராம போயிருந்தா, அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லியிருப்பேன்?" என்றார் மெதுவாக.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டரைக் கெஞ்சி அகராதியை வாங்கினேன். மூன்று மாதம் உட்கார்ந்து 'ஏ'யையும் 'பி'யையும் நோட்டில் எழுதி அவருக்குக் கொடுத்தேன். 'ப்ரோக்'குக்கு மூலமான 'பிரேக்' என்ற வார்த்தைக்கு அகராதியில் ஒரு பக்கம் நிறைய அர்த்தங்கள் இருந்தன. நான் ஒன்றே ஒன்றைத்தான் எழுதினேன்: வழியில் இறங்கித் தங்குவது.