நாற்பது நாளாகப் பூவாளி அடி இல்லை

அன்புள்ள என் இல்லத்தரசிக்கு,

இங்கு நானும் என் முழங்காலும் ஓரளவு நலம். அங்கு நீயும் மகளும் மாப்பிள்ளையும் இரட்டைக் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறேன். இந்த வாக்கியத்தில் பாதி உண்மை. கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். ஃபோன் செய்தால் "குழந்தை தூங்குது, அப்புறம் பேசறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுகிறாய். குழந்தை விழித்திருந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் சொல்வதை வீடே உட்கார்ந்து கேட்கிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. காதல் கடிதம் என்று பயந்துவிடாதே. நம் வீட்டு இன்டர்நெட் கோளாறு பற்றியது.

மகள் பிரசவத்துக்கு என்று போனாய். மூன்றே மாதத்தில் வந்துவிடுவேன் என்றாய். ஒன்று பிறக்கும் என்று போன இடத்தில் இரண்டு பிறந்ததால் இதோ ஏழு மாதம் ஆகிறது. நமக்குப் பொழுது போகட்டும் என்று மாப்பிள்ளை அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கேம் பெட்டி வாங்கி வைத்தபோது சிரித்தவன் நான்தான். ஒரு கீரைத் தொட்டிகூட வைக்காத நான், தினமும் மாலை ஐந்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெட்டிக்குள் நம் இருவருக்கும் பொதுவாக இருக்கும் பண்ணையில் பூசணி வளர்ப்பேன் என்று யார் கண்டார்கள்? பண்ணையின் பாலத்தடியில் உன் பொம்மை நிற்கும், என் பொம்மை போய்ச் சேரும். இரண்டு நிமிடம் தாமதமானால் பூவாளியால் என் பொம்மையின் மண்டையில் நங்கென்று ஒரு அடி. காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் உன் குரல் வரும்: "ஏங்க, அது களைங்க! களைக்குப் போய் யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" களை என்று தெரிந்தேதான் பல நாள் ஊற்றினேன்.

இனி கோளாறுக்கு வருகிறேன். நாற்பது நாளாக உன் குரல் வரவில்லை. உன் பொம்மை ஐந்து மணிக்கு டாணென்று வருகிறது, ஆனால் ஒரு வார்த்தை பேசாது. முன்பெல்லாம் நீ கத்தரி நட்டால் வரிசை கோணல்மாணலாகப் போகும், இப்போது ஸ்கேல் வைத்து நட்டதுபோல் இருக்கிறது. கிணற்றைத் தேடி நாலு சுற்றுச் சுற்றுவாய், இப்போது குறுக்கு வழியில் ஓடுகிறாய். ஒரு நாள் வேண்டுமென்றே கால் மணி நேரம் தாமதமாகப் போய் மண்டையைக் காட்டிக்கொண்டு நின்றேன். உன் பொம்மை பணிவாகக் கையசைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. அப்போதே முடிவு செய்தேன், இணைப்பில் எங்கோ பெரிய பழுது என்று. பண்ணைக்கு வந்தாயா என்று ஃபோனில் உன்னிடமே கேட்டேன். "வந்தேனேங்க... வந்தேன்னுதான் நினைக்கிறேன்" என்று ஒரு கொட்டாவி விட்டாய். மாப்பிள்ளையைக் கேட்டால், "மாமா, உங்க பக்கம் நெட் வீக்கா இருக்கும், பாருங்க" என்று அவசரமாக வைத்துவிட்டார்.

என் பக்கமா? முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில், பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று மேலே நின்று காதால் கேட்டே சொன்னவனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றே இறங்கிவிட்டேன். முதல் சோதனையாக மோடத்தில் காதை வைத்துக் கேட்டேன், சூடாக இருந்தது. அதை அணைத்துப் போட்டேன், கேம் பெட்டியை அணைத்துப் போட்டேன், கடைசியில் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். மாடியில் குடியிருக்கும் தையற்காரம்மா பாதி ரவிக்கையோடு நின்ற மெஷினிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நடுவில் மூன்று நாள் இணைப்பு சுத்தமாகவே செத்துப்போனது. நீ போகும்போது விலையுள்ள சாமான்களைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னாய் அல்லவா, மோடம் விலையுள்ள சாமான் என்று மகள் சொன்னாள் அல்லவா, இரண்டையும் சேர்த்து யோசித்து, பீரோவின் பின்பக்கம் ஒயருக்கு ஓட்டை போட்டு, மோடத்தை உன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரும்புக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராதாம். ஓட்டை போடும்போது புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு புடவைக்கு மட்டும் ஆனது, அதை நேரில் சொல்கிறேன்.

வைஃபையே வேண்டாம் என்று மோடத்திலிருந்து கேம் பெட்டிவரை கூடம் முழுக்கக் கேபிள் இழுத்தேன். அதில் நானே இரண்டு முறை விழுந்தேன், முழங்கால் கதை அதுதான். பிறகு யாரோ நம் இணைப்பைத் திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு பாஸ்வேர்டை மாற்றினேன். ஐந்தே நிமிடத்தில் தையற்காரம்மா இறங்கி வந்து, "என்ன சார் இது, சொல்லாம கொள்ளாம மாத்திட்டீங்க? அக்காதான் எனக்குக் குடுத்துட்டுப் போனாங்க" என்று என்னையே அதட்டினார். உன் பேரைச் சொன்னதும் புதிய பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் இணைப்புக் கம்பெனி ஆள் வந்தார். கேம் பெட்டியிலேயே சோதனை ஓட்டினார், எல்லா வரியிலும் பச்சை டிக். "லைன் பக்காவா இருக்கு சார். பிங் பாருங்க, சிக்னல் போய் வர்ற நேரம் எவ்வளவு கம்மி! பிரச்சனை அந்தப் பக்கம்தான்."

"அந்தப் பக்கம் என் சம்சாரம் இருக்காங்க."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டார். அவரை விடுவேனா? மேலதிகாரிக்கு எட்டுப் பக்கப் புகார் அனுப்பினேன், தெருவில் புதுக் கேபிள் பதிக்கச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நாளை மறுநாள் தோண்ட வருகிறார்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று நானே சாக்பீஸால் சாலையில் கோடு போட்டு, அதைப் படமெடுத்து மாப்பிள்ளைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, பதில் வராதது ஞாபகம் வந்து நானே தேடுகிறேன். உன் குரல் இல்லாமல் அந்தப் பூசணிகளைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. ஆகவே உன் பக்கத்து மைக்கை யாரிடமாவது காட்டவும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேரக்குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். யார் பெரியவன் யார் சின்னவன் என்று குழம்பினால் இரண்டிரண்டாகக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
எதற்கும் தாமதமாகவே வரும் உன் கணவன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதுகிறேன். தபால்காரரே, நீங்கள் படித்தாலும் பரவாயில்லை. சாக்பீஸ் கோட்டைப் பார்த்துப் பதறிப்போய் மாப்பிள்ளை இப்போதுதான் ஃபோன் செய்தார். "மாமா, மன்னிச்சிடுங்க, ரோட்டைத் தோண்ட வேணாம். நாப்பது நாளா வந்தது நான்தான். அத்தை அஞ்சு மணிக்கு ரிமோட்டைக் கையில எடுப்பாங்க, அப்படியே உக்காந்தபடி தூங்கிடுவாங்க. எழுப்ப மனசு வரல. நீங்க காத்துட்டு இருப்பீங்களேன்னு ரிமோட்டை மெதுவா எடுத்து நானே விளையாடினேன். பேசினா தெரிஞ்சிடும்னு மைக்கை அணைச்சிட்டேன்" என்றார். நல்ல பிள்ளை, அவரைத் திட்டாதே. அவரை அதிகம் பேசவிடாமல் ஃபோனை வைத்துவிட்டேன். நீ இவ்வளவு களைத்துப் போயிருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தோண்டும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் தப்பு, பிரிக்காதே. இது வந்து சேர்வதற்குள் நானே வந்துவிடுவேன், இன்றைய பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது. நாளை முதல் ஐந்து மணிக்கு நீ படுத்தே தூங்கு. ஒரு குழந்தை என் மடியில், இன்னொன்று தோளில்.