கண் திறந்தவர் வரவழைத்த படங்கள்

எங்கள் ஊர்க்காரர் பெய்ஷென்பைக்கு ஞானக்கண் திறந்துவிட்டது. போன வருடம் வரை நாரின் சாலையில் பழைய டயர் விற்றவர். அப்போது கண் மூடியிருந்ததாம், அவரே சொன்னார்.

மலைக்கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக ஜனம் வந்தது. எல்லோருக்கும் ஒரே குறைதான். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. பெய்ஷென்பை அந்த ஆளின் பழைய படத்தை வாங்கித் திரைக்குப் பின்னால் வைப்பார். அங்கே முன்னோர்களின் ஆவிகள் இருந்தன. இரண்டு கிண்ணம் தேநீர் குடிப்பதற்குள், ஆள் இந்த நொடியில் எங்கே இருக்கிறார் என்ற வண்ணப்படம் வெளியே வரும். சூடாக வரும். முன்னோர்கள் வழவழப்பான தாளில்தான் அச்சடிப்பார்கள்.

காணிக்கை ஓர் ஆடு. நானும் என் தம்பிக்காக வரிசையில் நின்றேன். என்னைவிட என் ஆடுதான் அதிகம் தயங்கியது.

எனக்கு முன்னால் நின்றவள் அனார்குல். அவள் மகன் மிர்லான் பேசி எட்டு மாதமாகிறது. அவளுக்கு வந்த படத்தில் அவன் பனி பெய்யும் தெருவில் சிரித்துக்கொண்டு நின்றான். சிறு வயதில் நாய் கடித்துப் பிய்த்த இடது காது முழுசாக இருந்தது.

"அங்க நல்ல வைத்தியம் பாத்திருக்காங்க போல" என்று அவள் அழுதாள்.

"அவனே வருவான். போலீஸ்ல குடுத்த தேடுதல் மனுவ வாபஸ் வாங்கு. ஆள் விட்டுத் தேடினா வர்ற பாதை அடைச்சுக்கும்" என்றார் பெய்ஷென்பை.

மனுவை வாபஸ் வாங்குவதற்காக அவள் தன் அடையாள அட்டையை நகல் எடுக்கத் தூமாரின் கடைக்குப் போனாள். தூமார் சந்தையில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். எங்கள் மொழியில் தூமார் என்றால் தாயத்து. பெயர் வைத்தவர்களை அவள் மன்னித்துவிட்டாள்.

படத்தை வாங்கிப் பார்த்தவள், "அக்கா, ரெண்டு நாள் பொறு. வாபஸ் வாங்காத" என்றாள்.

மறுநாள் தூமாரே ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். கணவன் கலிஸின் படத்தைக் கொடுத்து, "ஓடிப்போயிட்டான். எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

தேநீர் ஆயிற்று. படம் வந்தது. கலிஸ் கடலோரம் ஒரு மீன் ஆலையில், கையில் பெரிய மீனோடு நின்றான்.

"தூரத்துல இருக்கான். ஆனா உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கான்" என்றார் பெய்ஷென்பை உருக்கமாக.

முன்வரிசையில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"நான்தாங்க கலிஸ். மீன் வாடைன்னாலே எனக்குக் குமட்டும்."

"அது... உடம்பு இங்க, ஆவி அங்க" என்றார் பெய்ஷென்பை.

"ஆவிக்கு மீன் ஆலையில என்ன வேல?" என்றாள் தூமார். "எல்லாரும் உங்க படத்த எடுங்க. பின்னால இருக்கற கடைப்பலகைய வாசிங்க."

எடுத்தோம். பள்ளி ஆசிரியர் வாசிக்கப் பார்த்தார். எழுத்து மாதிரி இருந்தது. எந்த மொழியின் எழுத்தும் அல்ல. ஒரு படத்தில் ஆளின் நிழல் ஒரு பக்கம், கம்பத்தின் நிழல் மறுபக்கம். ஏழு படங்களில் ஆளுக்குப் பின்னால் சிவப்புக் கழுத்துத்துண்டு போட்ட ஒரே ஆசாமி நின்றான். ஏழு ஊரில், ஒரே நாளில்.

கலிஸ் திரையை விலக்கினான். முன்னோர்களின் இடத்தில் பெய்ஷென்பையின் மச்சான், ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம். கணினித் திரையில் மச்சான் தட்டச்சு செய்தது அப்படியே இருந்தது: 'இந்த முகம், மீன் ஆலை, சந்தோஷமாக.' செயற்கை நுண்ணறிவு கேட்டதை வரைந்து கொடுத்திருக்கிறது. அது யாரையும் தேடிப் போகவில்லை.

"இனிமே பலகைய வாசிச்சா போதுமா?" என்று நான் தூமாரைக் கேட்டேன்.

"போதாது. அடுத்த வருஷம் எழுத்தையும் நிழலையும் சரியாப் போட்டுரும். படத்தப் பாத்து மயங்காம, குடுத்தவனக் கேளுங்க. யார் எடுத்தா? எங்க நின்னு எடுத்தா? ஆடு வாங்கறப்போ பல்லப் புடிச்சுப் பாக்கறீங்கல்ல? மகன் விஷயத்துல மட்டும் ஏன் கேள்வி கேக்க மாட்டேங்கறீங்க?"

வாசலில் கட்டியிருந்த ஆடுகள் கத்தின.

அனார்குல் மறுநாள் போலீஸ் அதிகாரியிடம் போய், தேடுவதை நிறுத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கூடவே மிர்லானின் பழைய படம் ஒன்றையும் வைத்தாள். மங்கலான படம். அரைக்கண் மூடியிருந்தான்.

"இதைவிட நல்ல படம் இல்லையாம்மா?"

"இருந்துச்சு. அதுல என் மகன் இல்ல."