முத்தலிபின் பெயர்ப்பெட்டி கீழிறங்கிய வரலாறு

களப்பில், அதாவது கடற்கழியில், மீன்பிடித் தொழில் செய்கிறவர்களுக்குப் பெருந்தடை காற்றும் நீரோட்டமும்தான் என்று நம் மக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். பாரதூரமான இந்தப் பிழை இன்றே திருத்தப்பட வேண்டும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் புத்தளம் களப்பின் பெருந்தடையாக விளங்கியது ஒரு பெட்டி. அகலம் ஆறு சென்ரிமீற்றர், உயரம் ஒன்று. மரப்பெட்டியுமல்ல, தகரப்பெட்டியுமல்ல. கடதாசியில் நான்கு கோடுகள், நடுவே ஒரு மனிதனின் பெயர், அவ்வளவுதான்.

யுத்த காலம். தோணி தள்ளவும் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். பாஸ் கொடுத்த அலுவலகத்தில் கொம்பியூட்டர் தெரிந்த ஒரே ஆள் மர்ளியா. குடும்பம் இடம்பெயர்ந்தபோது மூன்று வயதில் மன்னாரிலிருந்து தூக்கிவரப்பட்டு, கரைத்தீவில் வளர்ந்தவள். அவள் எழுதிய நிரல், பட்டியலிலிருந்து ஒவ்வொரு ஆளாக எடுத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பாஸைத் தானே எழுதிவிடும். மேலே விலாசம், அதன் கீழே பெயர்ப்பெட்டி.

போலிப் பாஸைப் பிடிக்கும் உபாயம் மட்டும் அலுவலகத் தலைவர் அம்பலவாணருடையது. பழைய கலண்டர் மட்டையில் பெட்டியளவு ஓட்டை வெட்டி, பின்புறம் முத்திரை குத்தி, கரையோரக் காவலரண்களுக்கு, சென்றிக்கு ஒன்றாக அனுப்பியிருந்தார். மட்டையைப் பாஸின் மேல் வைத்தால் ஓட்டையில் ஆளின் பெயர் தெரிய வேண்டும். தெரிந்தால் மெய், தெரியாவிட்டால் போலி. அவர் தம்முடைய விலாசத்தைப் போட்டுப் பரீட்சித்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அவருடைய விலாசம் ஒரே வரி.

மர்ளியாவின் வாப்பா முத்தலிபுக்கு மூன்று வரி. விட்டுவந்த ஊர் ஒன்று, முதலில் இருந்த முகாம் ஒன்று, இப்போதைய குடியிருப்பு ஒன்று. விலாசம் நீள நீளப் பெட்டி கீழே இறங்கியது. சென்றியில் நின்ற கடற்படைப் பொடியன் மட்டையை வைத்துப் பார்த்தான். ஓட்டையில் இரண்டாம் வரி தெரிந்தது.

"நானா, ஒங்கட பேர் ஆலங்குடா முகாம்?"

"இல்ல தம்பி, முத்தலிபு."

"பாஸில ஆலங்குடா முகாம். ஐடென்ரிகாட்டில முத்தலிபு. ஆள் ரெண்டு, தோணி ஒண்டு. போக ஏலாது."

ஒன்பது நாள் இப்படியே போனது. இறால் ஓடும் பருவம் வருடத்தில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான்.

"மகள், ஒங்கட கொம்பியூட்டர் வெச்ச பேரச் சொல்லித்தான் ஒங்கட உம்மாவும் இப்ப என்னக் கூப்பிர்றா" என்றார் முத்தலிபு.

"பெட்டி கீழ போயிட்டு, வாப்பா."

"அது கீழ போனதுக்கு நான் ஏன் கரையில நிக்கணும்? இறால் விலாசம் பாத்தா ஓடுது?"

மறுநாள் மர்ளியா அம்பலவாணரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சேர், பெட்டிட எடத்த விலாசத்துக்குக் கீழ இருந்து அளக்கச் சொல்லியிருக்கேன். பக்கத்தின் மேல் விளிம்பிலயிருந்து அளக்கச் சொன்னா அசையாது. நிரல்ல ஒரே ஒரு வரி மாத்தணும்."

"அது அங்கீகரிக்கப்பட்ட நிரல், பிள்ளை. மாத்திறதெண்டால் குழு கூடவேணும்."

"எப்ப சேர் கூடும்?"

"குழுவை நியமிக்கிற குழு பங்குனியில கூடும். ஆனால் சனத்தை மாத்திறதுக்கு ஒரு அங்கீகாரமும் தேவையில்லை. உம்முடைய வாப்பாவை ரெண்டு ஊரைக் கைவிடச் சொல்லும்."

"எந்த ரெண்டு சேர்?"

"சொந்த ஊரை விட்டால் பிறகு திரும்பிப் போக ஏலாது. இருக்கிற ஊரை விட்டால் இஞ்ச தொழில் செய்ய ஏலாது. மற்றும்படி அவருடைய விருப்பம்."

எனினும் அம்பலவாணர் இரக்கமற்றவரல்ல. அந்த வார இறுதியிலேயே மேலும் மட்டைகள் வெட்டுவித்தார். முதலாம் மட்டை நிரந்தர வதிவாளருக்கு. ஓட்டை ஒரு வரி கீழே இறங்கிய இரண்டாம் மட்டை ஒருமுறை இடம்பெயர்ந்தவருக்கு. மூன்றாம் மட்டை இருமுறை இடம்பெயர்ந்தவருக்கு. நான்காம் மட்டை எதிர்காலத் தேவைகளைக் கருத்திற்கொண்டு முன்கூட்டியே வெட்டப்பட்டது.

பொடியன் நான்கையும் சீட்டு விசிறுவதுபோல் கையில் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பாஸுக்கும் முதலாம் மட்டையிலிருந்து ஒழுங்காகத் தொடங்க வேண்டும் என்பது கட்டளை. ஒருநாள் காற்று இரண்டாம் மட்டையைக் களப்புக்குள் கொண்டுபோனது. அன்றைக்கு ஒருமுறை மட்டும் இடம்பெயர்ந்தவர்கள் ஒருவருமே உலகில் இருக்கவில்லை.

"எனக்குத் துரும்புச் சீட்டு விழக்குள்ள சூரியன் உச்சிக்கு வந்திட்டு" என்று வெறும் கூடையோடு வந்தார் முத்தலிபு. "இன்னும் ஆறு நாள்தான் மகள். அதுக்குப் பொறகு இறாலும் இல்ல, ஒண்டும் இல்ல."

மறுநாள் அம்பலவாணர் தேநீர் குடிக்கப் போனார். தேநீருக்குப் பதினைந்து நிமிடம். மர்ளியாவுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, வழக்கமான வேலைபோல் நானூற்றுப் பன்னிரண்டு பாஸ்களையும் மாலைக்குள் புதிதாக அச்சடித்துக் கொடுத்தனுப்பினாள். ஒரு வரி விலாசமோ மூன்று வரி விலாசமோ, எல்லாப் பெட்டிகளும் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நின்றன. நீண்ட விலாசங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மரியாதையாகக் கீழே போயின.

விடியற்காலை பொடியன் முதலாம் மட்டையை வைத்தான்.

"முத்தலிபு!" என்று வாசித்துவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

"ஓம் தம்பி, நான்தான்! நான்தான்!"

மீதி ஐந்து நாளும் கரைத்தீவில் இறால் மணத்தது. முத்தலிபின் பெண்சாதி அவரை மறுபடியும் சொந்தப் பேரால் திட்டத் தொடங்கினாள்.

மாத முடிவில் சென்றிப் பதிவேடு அம்பலவாணரிடம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முதலாம் மட்டை, அதாவது நிரந்தர வதிவாளர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மர்ளியாவைக் கூப்பிட்டு மேலிடத்துக்கான அறிக்கையைச் சொல்லச் சொல்ல ரைப் பண்ணச் சொன்னார்.

"எமது பிரிவில் இடம்பெயர்ந்தோர் தொகை: இல்லை."

மர்ளியாவின் விரல் நின்றது. "சேர், நான் இடம்பெயர்ந்தவதானே. ஒங்களுக்கு முன்னால இருக்கேனே."

"உம்மை நான் நம்புறன், பிள்ளை. ஆனால் மட்டை நாலும் முத்திரை குத்தினது. மட்டை பிழையெண்டு சொல்ல வேணுமெண்டால் நிரல்ல ஆரோ கைவைச்சிருக்க வேணும். ஆரும் வைச்சதோ?"

மர்ளியா விரல்களை மறுபடி விசைப்பலகையில் வைத்தாள்.

"இல்ல சேர்."

"அப்ப அடியும்."

இரு கிழமையில் கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இத்தனை ஆண்டுகளாக ஒருவராலும் தீர்க்க முடியாத பிரச்சினையைத் துரிதமாகத் தீர்த்துவைத்தமைக்காக அம்பலவாணரும் ஊழியர்களும் அதில் மெச்சப்பட்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, இடம்பெயர்ந்தோருக்கான நிவாரண அரிசி லொறி கரைத்தீவில் நிற்காமல் போனது.